புகையாய்ப் போகும் பசளை

தை பிறந்து மழை ஓய்ந்ததும், ஹட்டன் முதல் நுவரெலியா வரை மலைச்சரிவெங்கும் ஞாயிறு காலைகளில் வெண்புகை எழுவதைக் காணலாம். அது மூடுபனி அன்று. லயங்களின் பின்புறத்து மரக்கறிப் பாத்திகளைத் துப்புரவு செய்து, சருகையும் களையையும் கோவா இலையையும் ஒருசேரக் குவித்து நம்மவர் வைக்கும் தீ. சென்ற வாரம் வகுப்பிலே இதுபற்றிப் பேச்செழுந்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "எரித்தால் சாம்பல் கிடைக்கிறதே, சேர், சாம்பலும் பசளைதானே?" என்று கேட்டான். நல்ல வினா. இவ்வாரப் பத்தியை அவனுக்கு விடையாகவே எழுதுகின்றேன்.

சாம்பல் பசளையே, ஆயின், அரைகுறைப் பசளை. சருகிலுள்ள பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் எஞ்சும். இலைக்குப் பசுமை தரும் நைதரசனோ பெரும்பாலும் புகையோடு போய்விடும். மண்ணை இளக்கி, நீரைப் பிடித்துவைக்கும் மக்கு அடியோடு அழியும். இன்னொன்றும் உண்டு. தேயிலை அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது, பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருத்தல் அதற்கு உகந்தது. சாம்பலோ காரமானது. மரக்கறிப் பாத்தியில் அளவாகத் தூவலாம். தேயிலைத் தூரில் கொட்டலாகாது.

எரிக்காதவர் செய்வது இதனினும் தீது. அவர்கள் குப்பையைக் கானில் தள்ளுகின்றனர். மழைநீரைச் சரிவிலிருந்து பக்குவமாக வடித்துச் செல்வதற்கு வெட்டப்பட்டது கான். அது அடைபட்டால் நீர் கரை மீறும், மேல்மண்ணை வாரும், கீழே உள்ள லயத்துக்கு மேலான மண்ணில் ஊறி அதைக் கனக்கச் செய்யும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழை மலையகத்துச் சரிவுகளை என்ன பாடு படுத்திற்று என்பதை நாம் மறக்கவில்லை. அத்துணைப் பெருமழையை ஒரு கான் தாங்கிவிடாதுதான். ஆனால், வழக்கமான ஆனி மழைக்கே கீழ் லயத்தார் பிள்ளைகளோடு இரவெல்லாம் விழித்திருக்க நேர்வது மேல் லயத்துக் குப்பையால் என்றால், அக்குற்றத்தை வானத்தின் மேற் சுமத்த முடியுமோ?

குப்பையை மண்ணுக்கே கொடுக்கும் வித்தை தோட்டங்களுக்குப் புதியதன்று. கவ்வாத்து வெட்டும்போது இலையும் சிறு கிளையும் மலையிலேயே பரப்பப்படுகின்றன. (தடித்த கட்டைகள் விறகுக்கு லயம் சேரும்; அடுப்பும் எரிய வேண்டுமே!) சவுக்கு மரத்தின் கிளையைத் தறித்தாலும் அது தேயிலையின் காலடியிலேயே கிடக்கும். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வெட்டி வெட்டி அங்கேயே போடுவதும் அதற்காகவே. 1925இல் தோன்றித் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இவற்றையெல்லாம் வற்புறுத்தி வந்துள்ளது.

உலகமும் நம்மைப் போன்ற உழவரிடமே இதனைக் கற்றது. ஆங்கிலேய விஞ்ஞானியான அல்பேர்ட் ஹோவார்ட் 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் பணிபுரிந்தபோது, கீழைநாட்டு வழக்கங்களை ஆராய்ந்து, செடிகொடிக் கழிவும் சாணமும் சேர்த்துக் கூட்டெரு ஆக்கும் முறையை வகுத்தார். 1937-38இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களையும் அவர் நேரில் வந்து பார்த்துச் சென்றார்.

இத்தனை அறிவும் கைவசம் இருந்தும் 2021இல் நாம் பட்டதென்ன? அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, மறு ஆண்டு 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கிற்று. கூட்டெரு பயனற்றது என்பது இதன் பொருளன்று. மண் ஆண்டுக்கணக்கில் தேட வேண்டியதை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் வரவழைக்க இயலாது என்பதே பொருள். யூரியா செய்யும் வேலை முழுவதையும் வீட்டுக் குவியல் செய்துவிடும் என்று நானும் சொல்லேன். கரட்டும் லீக்ஸும் பயிரிடும் பாத்திக்கு அது பெருந்துணை, அவ்வளவே.

இனி, என் தோல்வியைச் சொல்கின்றேன். நான் முதலில் போட்ட குவியல் ஆடி மழையில் ஊறி அழுகி நாறிற்று. அடுத்த வீட்டு அக்கா, "என்ன மாஸ்டர், எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டார். பிழை இரண்டு. மேலே மூடவில்லை, புல்லையும் மரக்கறிக் கழிவையும் மட்டுமே திணித்திருந்தேன். ஈரப் பசுந்தழை ஒரு பங்கென்றால் காய்ந்த சருகு இரு பங்காவது வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவே. ஆதலின், சிறு குவியல் சூடேறாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையலாகாது. அடியில் சுள்ளிகளைப் பரப்பி, சருகு, தழை, சிறிது சாணம் என மாறி மாறி அடுக்கி, மானாப்புல்லாலோ பழைய தகரத்தாலோ மூடி, இரு வாரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. கை மட்டும் நனைய வேண்டும். உள்ளே 55 பாகைக்கு மேற் சூடேறிச் சில நாள் நிலைத்தால் களைவிதைகள் பெரும்பாலும் மடியும். வீதியோரம் மஞ்சளாய்ப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியின் தழை நைதரசனும் பொட்டாசியமும் நிறைந்தது. விதை பிடிக்குமுன் வெட்டிச் சேர்க்கலாம். வெளிறல் நோய் கண்ட உருளைக்கிழங்குச் செடியை மட்டும் சேர்க்கவே கூடாது. 1845இல் அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்கு வித்திட்ட நோய் அது. அதனை ஆழப் புதைத்தல் நன்று.

வினாக் கேட்ட மாணவனிடம், தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த தன் தாத்தாவிடமும் கேட்டு வரும்படி சொல்லியிருந்தேன். மறுநாள் வந்து சிரித்தான். "தாத்தா ஏசினார், சேர். 'மலையில நாங்க ஒரு இலையையும் எரிச்சதில்ல. நீங்கதான்டா வீட்டுக்குப் பின்னால எரிக்கிறீங்க' என்றார்." இப்போது அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு குவியல் இருக்கிறது. புரட்டுவது பேரன், மேற்பார்வை தாத்தா.