பதிவேட்டை வாசிக்கக் கற்பித்தல்: தமிழ்நாடு உயர்கல்வித் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்



தருமபுரி மாவட்டக் கலைக் கல்லூரிகளில் வரலாறு, பொருளியல் போன்றவற்றை முதன்மைப் பாடமாகப் பயில்வோருக்குத் தகவல் முறைமையும் தரவுப் பகுப்பாய்வும் துணைப் பாடமாகக் கிடைக்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை. தகவல் முறைமை கணினியோடு முடிவதன்று; ஒரு செய்தியை யார் பதிகிறார், பதிவேட்டின் எந்தப் பத்தியில் பதிகிறார், அது எந்த அலுவலகத்துக்குச் செல்கிறது, அதைக் கொண்டு முடிவெடுப்பவர் யார் என்னும் ஏற்பாடு முழுவதையும் அது குறிக்கும். அவ்வாறு சேர்ந்த பதிவுகளை ஒப்பிட்டு, ஒழுங்கையும் பிறழ்வையும் கண்டு, காரணம் தேடுவது தரவுப் பகுப்பாய்வு.

இதற்கு இம்மாவட்டத்தைத் தொட்ட முன்மாதிரி ஒன்று உண்டு. சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களின் பெண் சிசுக்கொலை வதந்தியாகவும் மறுப்பாகவும் பேசப்பட்ட காலத்தில், இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைச் சான்றாகக் கொண்டு, 1997-இல் ‘எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி’ இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கொலை என்று எழுத இயலாத இடத்தில் அப்பதிவேடுகள் சிசுவின் இறப்புக்குச் ‘சமூகக் காரணங்கள்’ என்று காரணம் காட்டியிருந்தன. பிறந்த முதல் மாதத்தில் இயல்பாக ஆண் சிசுக்களே கூடுதலாக இறக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை; ஆகவே ஒரு வட்டாரத்தில் பெண் சிசுக்களின் இறப்பு அதை மிஞ்சுமானால், நோயல்லாத வேறொன்று அங்கே நிகழ்கிறது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வாய்வுக்கு நிரலெழுதும் திறன் பெரிதாகத் தேவைப்படவில்லை. எந்தப் பத்தியைப் பார்ப்பது, எதை எதனோடு ஒப்பிடுவது என்னும் சமூக அறிவே தேவைப்பட்டது. அவ்வறிவுக்கு உரிய துறைகளின் மாணவர்களையே இன்றைய பாடத்திட்டங்கள் பெரும்பாலும் தரவுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கின்றன.

இம்மாவட்ட நிலத்தடி நீரில் மிகுந்து பல்லையும் எலும்பையும் சிதைக்கும் புளோரைடு மற்றொரு பாடப்பொருளாகும். ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதன் நோக்கங்களுள் இப்பாதிப்பைக் குறைப்பதும் ஒன்று. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எடுத்துக்காட்டாக, நான்கு கிணறுகளில் முறையே 0.6, 0.7, 0.7, 4.0 மில்லிகிராம் இருப்பதாகக் கொண்டால், சராசரி சரியாக 1.5 ஆகி வரம்புக்குள் அடங்கிவிடும். நான்காம் கிணற்றை நம்பிய தெருவின் துன்பம் அந்த எண்ணில் தெரியாது. மேலும், நீர்ப் பரிசோதனை அட்டவணையை மருத்துவ அட்டவணையோடு பொருத்த முயலும் மாணவர், ஒரே ஊரின் பெயர் இரண்டிலும் வேறு வேறாக எழுதப்பட்டிருந்தால் கணினி அதை இரண்டு ஊர்களாகவே எண்ணும் என்பதையும், அதனால்தான் ஒவ்வோர் ஊருக்கும் மாறாத குறியெண் ஒன்று, அதாவது தரவுத்தளத்தார் ‘திறவுகோல்’ (key) எனக் கூறுவது, தேவைப்படுகிறது என்பதையும் கற்றுக்கொள்வார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் துணைப் பாடத்துக்கு 24 தகுதிப் புள்ளிகளை ஒதுக்குகிறது. அதற்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அக்கொள்கை பற்றிய விவாதத்துக்குள் நுழையாமலே இத்துணைப் பாடத்தைத் தொடங்க முடியும். மாணவர்கள் ‘அல்லைடு’ என வழங்கும் சார்புப் பாடம் இங்கு நெடுங்காலமாக உள்ளதே. மாநில அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பயிற்சிகள் வேலையை முன்னிட்டவை. அவை பயனுடையவையே, எனினும் துறையறிவோடு பின்னிய பாடத்துக்கு ஈடாகா.

இப்பாடத்தைக் கணினித் துறையிடம் மட்டும் ஒப்படைத்தால் அது நிரலாக்கத் தாளாகச் சுருங்கிவிடும் என்பது வீண் அச்சமன்று. ஆகையால் இம்மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள பெரியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவில் பொருளியல், புள்ளியியல் ஆசிரியர்களோடு, பதிவேடுகளை நாள்தோறும் எழுதும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரும் அழைக்கப்பட வேண்டும். பதிவேடுகளில் தனிமனிதர் விவரங்கள் இருப்பதால், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பாடத்தின் ஒரு பகுதியாக வேண்டும். ஆட்களின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட பழைய பதிவேடுகளைப் பயிற்சிக்காகக் கல்லூரிகளுக்கு வழங்குமாறு மாவட்ட நிருவாகத்தை அமைச்சர் அவர்கள் கேட்டுக்கொண்டால், அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.