பூட்டிய வீட்டின் ஓட்டை யார் பார்ப்பது?



கத்திரி வெயிலில் மழைத் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். வாத்தியாருக்கு வெயில் மண்டைக்கேறிவிட்டது என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

நம் செட்டிநாட்டு வீடுகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுகின்றன. ஆனால் அவற்றின் தலையெழுத்து சித்திரை, வைகாசியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஓட்டின் மேல் ஆள் ஏறி நிம்மதியாக வேலை பார்க்கக்கூடிய காலம் இதுதான். இப்போது விட்டால், ஒரு மணி நேரக் கோடை மழை போதும். கூடல்வாயில் சருகு அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், கைமரம் நனையும். பர்மாத் தேக்கே ஆனாலும் வருஷக்கணக்கில் நனைந்தால் உளுத்துத்தான் போகும்.

கேட்டால் ஒரே பதில்: "பங்காளிகள் ஒத்துவரவில்லை." கல்யாணம் என்றால் மட்டும் எப்படி ஒத்துவருகிறது? பந்தலுக்கும் பந்திக்கும் கணக்குப் பார்க்காதவர்கள், ஓடு மாற்றப் பங்குத்தொகை கேட்டால் போனை எடுப்பதில்லை. சிங்கப்பூர்க்காரர் சென்னைக்காரரைக் கைகாட்டுகிறார், சென்னைக்காரர் ஊரில் இருப்பவரைக் கைகாட்டுகிறார். தண்ணீருக்குப் பங்கு பிரிக்கத் தெரியாது ஐயா! எல்லார் பங்கிலும்தான் ஒழுகும்.

அடுத்த கூத்து சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூக்கும், காரை உதிரும். அதை மறைக்க இன்னொரு பூச்சு! இதற்குப் பெயர் பராமரிப்பா?

முற்றத்துத் தண்ணீரைக் கால்வாய் வழியே ஊருணிக்கு அனுப்பி வைத்த ஊர் இது. 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே நம் முன்னோர் செய்துவிட்ட வேலை. அந்த முற்றத்து மடையில் இன்று குப்பை அடைத்துக் கிடக்கிறது.

2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றதைப் பெருமையோடு பகிர்ந்தோம். பட்டியலா வந்து ஓடு மாற்றும்? கூரை போன வீடு இடிக்கப்படும். அதன் தூணும் கதவும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கும். அப்போது போய்ப் படம் பிடித்துப் போட்டு "அந்தக் காலம்" என்று உருகுவோம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களே, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வீட்டைத் திறந்து வெளிச்சம் விடுங்கள். பகலில் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெயில் நுழையும் இடமெல்லாம் நாளை மழை நுழையும். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். கூடல்வாயையும் மடையையும் சுத்தம் செய்யுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். பங்காளிகள் சேர்ந்து வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு பொதுக்கணக்குத் தொடங்குங்கள்.

வீட்டின் முன் நின்று செல்பி எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி