பகு எண் என்று அறிவதும் பகுத்துக் காட்டுவதும்

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் 14,75,73,95,25,89,67,64,12,927 என்னும் இருபத்தோரிலக்க எண் கிடைக்கும். பிரான்ஸ் நாட்டுத் துறவி மரீன் மெர்சென் 1644-ல் வெளியிட்ட நூலில் இதனைப் பகா எண் என்று குறித்தார், நிரூபணம் தரவில்லை. 1876-ல் எடுவார் லூக்கா அது பகு எண்ணே என்று நிறுவினார். ஆனால் அவர் காரணி ஒன்றையேனும் சுட்டவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் காரணிகளை அளித்தார். அவை 19,37,07,721, 7,61,83,82,57,287 ஆகிய இரண்டு.

கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. சுவையான கதைதான். ஆனால் அதன் நிழலில் லூக்காவின் பெயர் மறைந்துபோவது நியாயமன்று.

லூக்காவின் முறையை 1930-ல் லேமர் எளிமைப்படுத்தினார். அதன்படி, 4 என்னும் எண்ணில் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழித்து, சோதனைக்குரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மீதியைக் கொண்டு அதே செயலைத் தொடர வேண்டும். இவ்வெண்ணுக்கு 65 முறை போதும். இறுதியில் மீதி பூஜ்யமாயின் பகா எண். இன்றேல் பகு எண். எந்தக் காரணியையும் தேடவே தேவையில்லை.

கோல் மேற்கொண்ட வேலையோ வேறு வகையானது. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பது தெரிந்ததே. அப்படியிருந்தும் சிறிய காரணியானது 134-ஐ 14,45,580-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது! கீழிருந்து ஒவ்வொன்றாக வகுத்து வருவோருக்கு, தகாதவற்றைப் பாதியாக நீக்கிய பின்னரும், ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் எஞ்சும். கோல் வர்க்க மீதிகளின் துணையால் அத்தேடலைச் சுருக்கினார்.

நம் பள்ளிகளில் பகா எண்ணை வகுத்துப் பார்த்தே கற்பிக்கிறோம். ஆகவே காரணி கிடைக்கும்வரை பகு எண் என்று சொல்ல முடியாது என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. இது திருத்தப்பட வேண்டிய தவறு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002-ல் வெளியிட்ட முறை, எவ்வெண்ணும் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயமின்றியும் தீர்மானிக்கும். ஆனால் அதுவும் காரணிகளைத் தருவதில்லை.

இவ்வேறுபாட்டின்மேல்தான் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977-ல் வகுத்த மறைமொழி முறை நிற்கிறது. பெரும் பகா எண்கள் இரண்டைக் கண்டுபிடிப்பது எளிது. அவற்றின் பெருக்கற்பலனைப் பகுப்பது அரிது. மின்னணுக் கையொப்பங்கள் பல 617 இலக்க எண்களை நம்பியுள்ளன. இத்தகைய எண்ணொன்று 250 இலக்கம் வரை பகுக்கப்பட்டது 2020-ல்.

பகுப்பது என்றும் அரிதாகவே இருக்கும் என்பதற்கு மட்டும் நிரூபணம் இல்லை. மெர்சென்னின் பட்டியலைப்போல், மறுப்பார் இன்மையால் நிற்கும் கூற்று அது. போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணிப்பொறி அமையுமாயின் அவ்வேலை எளிதாகும் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். காரணிகளைச் சாராத கையொப்ப முறைகளுக்கு அமெரிக்கா 2024-ல் தர விதிகளை வெளியிட்டது. நீண்ட காலம் காக்கப்பட வேண்டிய ஆவணங்களை உடைய நம் அலுவலகங்கள் அம்மாற்றத்தை இப்போதே தொடங்குவது நல்லது.