பெரிய வீட்டுக்குக் கடைசியில் போங்கள்

ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் இருக்கும் நம் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் பெற்றோரை நியூ ஆர்லியன்ஸுக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. போகிறவர்கள் மிசிசிப்பி ஆற்றோரச் சாலையில் இருக்கும் ஓக் ஆலி மாளிகை முன்னால் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. நானும் எடுத்தேன். இரு வரிசையில் 28 ஓக் மரங்கள், அவற்றின் கோடியில் வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடு. லூசியானா என்றாலே இந்தக் காட்சிதான் அஞ்சலட்டையில் வருகிறது. அந்த அழகை நான் மறுக்கவில்லை. அந்த வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் யாரும் திரும்பக் கூடாது என்பதே என் ஆதங்கம்.

பணம் கரும்பிலிருந்து வந்தது. 1795இல் எத்தியென் தெ போரே என்பவர் நியூ ஆர்லியன்ஸ் அருகே சர்க்கரை காய்ச்சி லாபம் கண்ட பிறகு, இந்த ஆற்றங்கரை முழுவதும் கரும்பானது. கரீபியன் தீவுகளைப் போலல்லாமல் லூசியானாவில் குளிர்காலத்தில் உறைபனி விழும். அதற்குள் வெட்டி, ஆட்டி, காய்ச்சி முடிக்க வேண்டும். அதனால் அறுவடை மாதங்களில் ஆலை இரவிலும் நிற்காது. கொதிக்கும் கொப்பரைகளுக்குப் பக்கத்தில் தூக்கமில்லாமல் நின்றவர்கள் அடிமைகள். விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள்.

அடிமைகளில் ஒருவர் அந்துவான், ஓக் ஆலியின் தோட்டக்காரர். 1840களில் பெக்கன் மரத்தில் ஒட்டுக்கட்டி ஓட்டை எளிதில் உடைக்கக்கூடிய கொட்டையை விளைவித்தார். பெக்கன் மரத்தில் வெற்றிகரமாக ஒட்டுக்கட்டிய முதல் மனிதர் அவரே என்கிறார்கள். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தக் கொட்டை பரிசு வாங்கியது, ‘சென்டென்னியல்’ என்று பெயரும் பெற்றது. அந்துவானைப் பற்றி எஞ்சியிருப்பது 1848ஆம் ஆண்டுச் சொத்துக் கணக்கில் ஒரு வரி: வயது 38, மதிப்பு 1,000 டாலர். ஓக் ஆலியில் இன்று குடிசைகளை மறுபடி கட்டி, அடிமைகளின் பெயர்களைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகுமுன் கேமராவை மூடிவிடுகிறார்கள்.

பெரிய வீடு முதலில், குடிசை பிறகு என்ற இந்த வரிசையைத் தலைகீழாக்கிய இடம், வாலஸ் என்ற சிற்றூரில் இருக்கும் விட்னி தோட்டம். 1752இல் ஹைடல் என்ற ஜெர்மானியக் குடும்பம் தொடங்கியது. ஜான் கம்மிங்ஸ் என்ற வழக்கறிஞர் இதை வாங்கிச் சொந்தப் பணத்தைக் கொட்டி, செனகல் நாட்டு வரலாற்றறிஞர் இப்ராஹிமா செக்கின் ஆய்வுத் துணையோடு, 2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார். இங்கே கதை அடிமைகளுடையது. பெரிய வீடு கடைசியில்தான் வரும்.

முதலில் ஒரு பழைய தேவாலயம். அதற்குள் களிமண்ணில் வனைந்த குழந்தைகள் நிற்கிறார்கள், சிற்பி உட்ரோ நாஷ் செய்தவை. 1930களில் அரசு எழுத்தாளர்கள் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தபோது உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளை, விடுதலையின்போது இருந்த வயதில் அவை காட்டுகின்றன. அடுத்தது கற்பலகைகள். குவென்டொலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றறிஞர் பல ஆண்டுகள் ஆவணங்களைத் தோண்டித் திரட்டிய 1,07,000 லூசியானா அடிமைகளின் பெயர்கள். பெரும்பாலும் ஒற்றைப் பெயர். குடும்பப் பெயர் கிடையாது. இன்னொரு முற்றத்தில், இந்த வட்டாரத்தில் இறந்த 2,200 அடிமைக் குழந்தைகளின் பெயர்கள். அவர்களில் மிகப் பலர் மூன்று வயதைத் தாண்டவில்லை. அங்கே யாரும் உரக்கப் பேசவில்லை. என்னால் எல்லாப் பலகையையும் படிக்க முடியவில்லை.

1811 ஜனவரியில் இதே ஆற்றின் எதிர்க் கரையில் சார்ல் தெலோந்த் தலைமையில் நூற்றுக்கணக்கான அடிமைகள் நியூ ஆர்லியன்ஸை நோக்கி எழுந்து நடந்தார்கள். இரண்டு நாளில் அடக்கப்பட்டார்கள். வெட்டிய தலைகளை ஆற்றங்கரை நெடுகக் கழியில் நட்டார்கள். அதற்கும் விட்னியில் நினைவுச் சின்னம் உண்டு.

விட்னியில் இருக்கும் அடிமைகளின் குடிசைகள் மரத்தால் ஆனவை. வால்பாறையிலும் ஹட்டனிலும் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை புதிதாக இருக்காது. பிரிட்டன் அடிமை முறையை ஒழித்த பிறகு, மொரீஷியஸ், நேட்டால் கரும்புக் காடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். இரண்டு கொடுமைகளும் ஒன்றல்ல. ஆனால் கரும்பு ஒன்றுதான்.

2025 மே மாதம், இதே ஆற்றோரத்தில் 1859இல் கட்டிய நாட்டவே மாளிகை எரிந்துபோனது. அமெரிக்கத் தெற்கில் எஞ்சியிருந்த அடிமைக்கால மாளிகைகளில் மிகப் பெரியது. அது எரிந்ததைக் கொண்டாடிய பலரின் கோபம் நியாயமானது. கல்யாணத்துக்கும் விருந்துக்குமே அது பேர்போனது. ஆனாலும் என்னால் மகிழ முடியவில்லை. அது அடிமைகளின் உழைப்பில் எழுந்த கட்டடம். அவர்களின் கைவேலைக்கு இருந்த சாட்சி ஒன்று குறைந்துபோனது.

விட்னி நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அரை நாள் ஒதுக்குங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளை உடன் அழைத்துப் போய், பலகைகளில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். ஓக் ஆலிக்கு அதன் பிறகு போகலாம்.