ஐம்பது கிளை அருவி

சீசன் நேரத்தில் ஐந்தருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரே தண்ணீர்தான், பாறையில் பிரிந்து ஐந்து கிளையாக விழுகிறது. பெண்கள் எங்கே குளிக்கலாம், ஆண்கள் எங்கே என்று போலீஸ்காரர் விசில் ஊதிச் சொல்லிவிடுவார். வெள்ளம் வந்தால் யாரையும் உள்ளே விடமாட்டார். அமெரிக்காவில் வியாபாரம் செய்யப் போகும் வெளிநாட்டு முதலாளிக்கோ ஐம்பது கிளை. விசில் ஊதவும் ஆள் கிடையாது.

அருவியிலிருந்து கொஞ்ச தூரத்தில், மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் எழுதும் சாஃப்ட்வேர் கடல் கடந்து போகிறது. இப்படி ஆன்லைனில் போகும் சாஃப்ட்வேருக்கு டெக்சாஸ்காரர் சந்தா கட்டினால் விற்பனை வரி உண்டு. கலிஃபோர்னியாக்காரர் கட்டினால் இல்லை. ஓரிகன் மாநிலத்தில் விற்பனை வரி என்ற பேச்சே கிடையாது. நம்மூர் ஜி.எஸ்.டி. மாதிரி நாடு முழுக்க ஒரே சட்டம் என்று நினைத்தால் முதல் அடி அங்கேதான்.

முன்பெல்லாம் ஒரு மாநிலத்தில் ஆபீஸோ குடோனோ ஆளோ இருந்தால்தான் அந்த மாநிலம் வரியை வசூலித்துக் கட்டச் சொல்லும். 2018 ஜூன் 21-ம் தேதி, 'சவுத் டகோட்டா எதிர் வேஃபேர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த மாநிலத்தின் அன்றைய சட்டப்படி ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் விற்றாலோ, 200 பில் போட்டாலோ போதும் என்று இருந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் ஆளுக்கொரு எல்லைக்கோடு போட்டன. இந்தியாவோடு இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதே என்பீர்கள். அது மத்திய அரசின் வருமான வரிக்கு. மாநிலங்களை அது கட்டுப்படுத்தாது. விவரமான ஆட்களும் சறுக்கும் இடம் இது.

சட்டம் சர்க்காரிடம் மட்டும்தான் இருக்கிறதா? அதே 2018, செப்டம்பர் 24. ஜோஹோ டாட் காம் திடீரென்று காணாமல் போனது. மெயிலும் கணக்கும் திறக்காமல் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். அந்தப் பெயரைப் பதிவு செய்து கொடுத்திருந்த அமெரிக்க நிறுவனம், மோசடி மெயில் புகார்களைக் காட்டி இணைப்பைத் துண்டித்திருந்தது. இரண்டு மாதத்தில் வந்தவை மூன்றே புகார், இரண்டை உடனே முடித்தாயிற்று, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்றது ஜோஹோ. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் தளம் திரும்பியது. இனி நாங்களே பதிவாளர் ஆகிவிடுவோம் என்று அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு தென்காசிப் பக்கமே குடிவந்துவிட்டார்.

செங்கோட்டையிலோ இலஞ்சியிலோ வீட்டிலிருந்தபடி அமெரிக்காவுக்கு சாஃப்ட்வேர் விற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். பில்லில் வாங்குபவரின் மாநிலத்தைக் குறிக்கிறாயா? புகார் வருகிற மெயிலைத் தினமும் யார் திறந்து பார்க்கிறார்கள்?