வெள்ளம் விட்டுப்போன மணலை என்ன செய்வது?

ஏரல் பக்கத்திலிருந்து ஒரு வாழை விவசாயி கேட்டிருக்கிறார்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரை உடைந்து, வயலின் தலைமாட்டில் முழங்கால் உயரம் மணல், கடைக்கோடியில் மெழுகு போலக் களி. ஒரே வெள்ளம்தானே, ஏன் இப்படி? எல்லாவற்றையும் அள்ளிவிடலாமா?

மணலை அள்ளலாம்; களியை அள்ள வேண்டாம்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம் அது. வேகம் இருக்கும்வரை தண்ணீர் மணலையும் சுமந்து வரும். உடைப்பைத் தாண்டி வயலில் பரவியதும் வேகம் தணிந்து பருமணலை முதலில் இறக்கிவிடும். பொடி மணல் சற்றுத் தள்ளி விழும். வண்டல், தண்ணீர் அசையாமல் தேங்கும் இடத்தில்தான் படியும். இமயமலையில் பனியாறு செய்வது வேறு. பனிக்கட்டி மெல்ல நகர்ந்து பாறையைச் சுரண்டி, யானை அளவு கல்லையும் மாவு போன்ற பொடியையும் சேர்த்தே சுமந்து, உருகும் இடத்தில் ஒன்றாகக் கொட்டிவிடும். தாமிரபரணியோ களத்தில் நெல் தூற்றுவது போலப் பிரித்துப் போடுகிறது.

இது இன்று நேற்று நடப்பதல்ல. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, ஆறு கொண்டுவந்த மண்ணால் கரை நீண்டு, இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ கண்ட காயலும் பழையகாயலாகி உள்ளே போய்விட்டது. இப்போது ஆறு கடலில் சேர்வது புன்னைக்காயலில். கப்பல்காரனுக்கு நஷ்டம்தான்; வாழைக்காரனுக்கு அந்த மண்தான் முதல்.

இனி வயலுக்கு வருவோம். உடைப்பின் அருகே, நடுவில், கடைசியில் என மூன்று இடத்தில் மண்வெட்டியால் குழி எடுத்து, பழைய மண் எந்த ஆழத்தில் தட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டும். புது மணல் நாலு விரற்கடைக்குள் இருந்தால் ஆழ உழுது கலந்துவிடலாம். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் இன்னும் நல்லது. முழங்கால் அளவு என்றால் உழவு எட்டாது, அகற்றத்தான் வேண்டும். உயிரோடு நிற்கும் வாழைக்கு முதலில் தண்டைச் சுற்றியுள்ள மணலை விலக்க வேண்டும். மிச்சம் மணல் இருக்கும் இடத்தில் யூரியா, பொட்டாஷை ஒரே தடவையாகப் போட்டால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கடைக்கோடிக் களி நல்ல வண்டல். காய்ந்தால் ஓடு போல வெடிக்கும். பதம் பார்த்து உடைத்து, தொழுவுரம் சேர்த்தால் போதும். அதில் கொஞ்சத்தைத் தலைமாட்டுக்குக் கொண்டுபோய் மணலில் கலந்தால் இரண்டு பக்கமும் சரியாகும். அடுத்த கன்று நடுமுன் மூன்று குழி மண்ணையும் தனித்தனிப் பையில் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். மணலை வயலுக்கு வெளியே ஏற்றுவதாக இருந்தால், வண்டி பிடிக்குமுன் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்வது அவசியம்.