'வேண்டாம்' என்றால் தப்பில்லை!

அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குக் கிளம்புகிறீர்களா? பிறப்பது பேரன் என்றால், ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி வரலாம். 'குழந்தைக்கு சுன்னத் செய்யலாமா?' பதறாதீர்கள். அங்கே மதத்துக்காக மட்டுமல்ல, சுத்தம், ஆரோக்கியம் என்றும் இதைச் செய்கிறார்கள்.

பெற்றோர் 'வேண்டாம்' எனலாமா? தாராளமாக! நன்மைகள் அபாயத்தைவிட அதிகம்தான். ஆனாலும் எல்லாக் குழந்தைக்கும் சிபாரிசு செய்யுமளவுக்கு இல்லை, முடிவு பெற்றோருடையது என்றது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி (2012). முதல் வருஷத்தில் சிறுநீர்த் தொற்று, சுன்னத் செய்யாத ஆண் குழந்தைகளில் சுமார் 100-ல் ஒன்றுக்கு வரும். செய்தவர்களில் 1000-ல் ஒன்றுக்கு. வித்தியாசம் உண்மை. ஆனால் மீதி 99 குழந்தைக்கு வருவதில்லையே! மதக் கடமையாகச் செய்வது வேறு விஷயம். அது அவரவர் நம்பிக்கை.

என் கவலை, வேண்டாமென்று சொன்ன பிறகு வருவது. பிறந்த குழந்தைக்கு முன்தோல் உள்ளே ஒட்டித்தான் இருக்கும். வளர வளரத் தானாகப் பிரியும். சிலருக்குப் பல வருஷம் ஆகும். இது நோயல்ல. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, 'சுத்தம் பண்றேன்' என்று அதைப் பின்னுக்குத் தள்ளுகிறார்களே, அது கூடவே கூடாது! புண்ணாகித் தழும்பு விழுந்தால் தோல் இறுகி, தவிர்த்த கத்தியே தேவைப்படலாம்.

வெளியே வெதுவெதுப்பான தண்ணீர் போதும். காரணம் தெரியாத காய்ச்சலோ, சிறுநீர் கழிக்கையில் அழுகையோ இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: உடனே குழந்தை டாக்டரிடம் போங்கள்.